நாலாவது வாரத்துக்கு ஒரு சண்டை

அழைப்புமணியை ஒரே தடவை அழுத்திவிட்டு இரண்டடி பின்வாங்கி நிற்பார். தொப்பி கழன்று கக்கத்துக்குப் போயிருக்கும். கதவு திறந்ததும் சொல்வது இதுதான்:

"போன மாசம் உங்கள ஒரு வார்த்த சொல்லிட்டேன் மேடம். தப்பு என்னோடது. மனசுல வச்சுக்காதீங்க." அதே மூச்சில், "குழாய் எப்படியிருக்கு?"

மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ நாம் வாய் திறப்பதற்குள் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்திருப்பார். பதிலுக்காக அவர் காத்திருந்து நான் பார்த்ததில்லை. தொட்டிக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வரும். "வாஷர்தான். வேற ஒண்ணுமில்ல."

எங்கள் குடியிருப்பின் பிளம்பர் அவர். தரைத்தளத்தில் பின்பக்க வீடு. வயது ஐம்பத்திரண்டு. எந்தக் கோளாறு என்றாலும் முதல் பழி வாஷர் மேல்தான் விழும் என்பதால் அவருக்கு வாஷர் என்றே பெயர் வைத்துவிட்டோம். மாடித் தண்ணீர்த்தொட்டி நெடுக்க விரிசல் விட்டு, படிக்கட்டெல்லாம் ஆறாக ஓடிய நாளில்கூட, கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "வாஷராத்தான் இருக்கும்" என்றவர்.

கட்டை குட்டையான ஆள். கால்சட்டையின் வலது முழங்கால் மட்டும் வெளுத்துப்போயிருக்கும், ஏனென்றால் அவர் மண்டியிடுவது எப்போதும் அந்தக் காலில்தான். மாதா கோவிலிலும் அப்படியே. பூசையில் நாங்கள் எல்லாரும் இரண்டு காலையும் மடித்து மண்டியிடும்போது அவர் மட்டும் ஒரு காலை ஊன்றி ஒரு காலில் மண்டியிட்டு, முன்வரிசை பெஞ்சுக்கு அடியில் எங்கேயோ கசிகிறது என்று சந்தேகப்படுகிறவர் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்வரிசையில் உட்காருகிறவள் நான். என் பக்தி பாதி அவர் முதுகைப் பார்த்தே கழிந்தது.

வேலை சுத்தம். ஒரு இணைப்பைப் போட்டால் அதன் அடியில் காய்ந்த காகிதத்தை விரித்து, கால்மணி நேரம் எதிரே உட்கார்ந்து, ஒரு சொட்டுகூட விழவில்லை என்று பார்த்த பிறகுதான் எழுந்திருப்பார். அவர் போட்ட இணைப்பில் இன்னொரு கை படக்கூடாது. ஒருமுறை அவர் போன பிறகு, என் வீட்டு நட்டு கொஞ்சம் இளகலாக இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றியது. இடுக்கியால் அரைத் திருப்பு திருப்பினேன். மறுநாள் வந்தவர் அதை ஒரு பார்வை பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் மூன்று வாரம் எங்கள் மாடிக்கு ஏறவே இல்லை.

வாய்தான் பொல்லாதது. இரண்டாம் மாடியில் இருக்கும் கணக்கு டியூஷன் வாத்தியாரிடம், "உலகத்துக்கே கணக்கு சொல்லிக் குடுக்கறீங்க, வால்வு எந்தப் பக்கம் மூடும்னு கணக்குப் போட முடியலையா" என்று மாணவர்களின் பெற்றோர் முன்னால் கேட்டார். என்னிடம் இந்த வருஷம் சொன்னது, "நீங்க டீத்தூள் சக்கைய தொட்டியில கொட்டற வரைக்கும் எனக்கு சோத்துக்குக் கவலையில்ல மேடம்." அது உண்மை. அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது.

இப்படி ஆண்டு முழுவதும் வாயால் சேர்த்ததை அவர் தீர்க்கும் காலம் ஒன்று உண்டு. கிறிஸ்மஸுக்கு முந்தைய நாலு ஞாயிற்றுக்கிழமைகள். திருவருகைக் காலம் என்பார்கள். பீடத்தில் ஊதாத் துணி விரிந்திருக்கும். பக்கத்தில் ஒரு பச்சை வளையம், அதில் நாலு மெழுகுவத்திகள், மூன்று ஊதா, ஒன்று ரோஸ். வாரத்துக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டே வந்து, நாலும் எரியும்போது வர வேண்டியவர் வாசலுக்கு வந்துவிட்டார் என்று கணக்கு. சிலர் வீட்டிலும் இந்த வளையத்தை வைப்பார்கள். கடையில் பிளாஸ்டிக் இலையோடு கிடைக்கும்.

வாஷர் வீட்டு வளையம் கடையில் வாங்கியது இல்லை. அரை அங்குலப் பைப்பைச் சூடுகாட்டி வட்டமாக வளைத்து, நாலு இடத்தில், T எழுத்து மாதிரி மூன்று வாய் உள்ள டீ ஜாயின்ட் கொடுத்து, பச்சை பெயின்ட் அடித்தது. டீயின் வாய்க்குள் மெழுகுவத்தி அளவெடுத்த மாதிரி உட்காரும். முதல் வருஷம் அதில் மெழுகுவத்தி செருகுவதற்கு முன்னால், மூன்று வாயை அடைத்து நாலாவது வாய் வழியாகத் தண்ணீர் நிரப்பி, ஒரு பகல் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒழுகுகிறதா என்று பார்த்தாராம். எதற்கு என்று கேட்டேன்.

"ஜாயின்ட் போட்டா டெஸ்ட் பண்ணணும் மேடம். உள்ள தண்ணி போகுதா மெழுகுவத்தி நிக்குதாங்கறது நம்ம வேலையில்ல."

இந்த வழக்கம் தொடங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த வருஷம் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, பங்குத்தந்தை பிரசங்கத்தில், வருகிறவர் வருவதற்குள் மனத்தாங்கல் உள்ளவர்களிடம் போய்ச் சமாதானம் செய்துகொள்ளுங்கள் என்றார். ஒவ்வொரு வருஷமும் சொல்வதுதான். நாங்களும் ஒவ்வொரு வருஷமும் கேட்டுத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடுவோம். வாஷர் மட்டும் பூசை முடிந்ததும் நேரே சாமியார் அறைக்குப் போய்விட்டார்.

"எத்தன பேர் ஃபாதர்?"

"எத்தன பேர்னா?"

"சமாதானம் ஆகச் சொன்னீங்களே. எத்தன பேர்கிட்ட?"

"அது பொதுவா சொன்னதுப்பா."

"பொதுவான்னா எத்தன பேர்?"

சாமியாருக்கு அடுத்த பூசைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கண்ணில் பட்டது வளையம். "நாலு" என்றார். இதை அவரே என்னிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். ஒன்று என்று சொல்லியிருந்தால் எல்லாருக்கும் நன்றாக இருந்திருக்கும் என்பது அவர் கருத்து.

அன்றிலிருந்து சட்டம் இது. சனிக்கிழமை ஒரு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, சும்மா ஒரு வேலையும் செய்துகொடுத்தால்தான், ஞாயிற்றுக்கிழமை அந்த வார மெழுகுவத்திக்குத் தீக்குச்சி. இல்லாவிட்டால் இல்லை. அவருடைய மனைவி கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவர். நாள் முழுக்க டோக்கன் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தக் குரல் வீட்டுக்கும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் பின்பக்க ஜன்னல் வழியாகக் கேட்கும். "அடுத்தது யாரு?"

இதில் இரண்டு கோளாறுகள் சீக்கிரமே தெரியவந்தன. முதலாவது எங்களால் வந்தது. மன்னிப்போடு ஒரு வேலை சும்மா கிடைக்கிறது என்று தெரிந்ததும், அக்டோபர் மாதம் பிறந்தாலே குடியிருப்பில் எல்லாருக்கும் ரோஷம் வந்துவிடும். டியூஷன் வாத்தியார் கழிப்பறைத் தொட்டி ஒழுக ஆரம்பித்த அன்றே வாஷரை வம்புக்கு இழுப்பார். வாசல் காவலாளி தன் அறைக் குழாய்க்காக ஒரு வாளியைப் பற்றிச் சண்டை போட்டார். நானும் யோக்கியம் இல்லை. நவம்பர் நடுவில், உங்கள் ஏணி என் சுவரைக் கீறிவிட்டது என்று போய்ச் சொன்னேன். அந்தக் கீறல் நான் மேசையை நகர்த்தியபோது விழுந்தது. டீத்தூள் பேச்சு அதற்கு வந்த பதில்தான். முதல் வாரச் சனிக்கிழமையே என் வீட்டு மணி அடித்தது, என் குழாயும் சரியாயிற்று. நாங்களெல்லாம் ஊதாத் துணியைப் பார்த்து மனம் திரும்புகிற லட்சணம் இது.

இரண்டாவது கோளாறு அவருடையது. அதுதான் பெரிது. நாலு வீடுகள் சேரவேண்டும் என்பதற்காக, நல்ல சண்டை ஒன்று மாட்டினால் அதைத் தீர்க்காமல் எடுத்துவைப்பார். இந்த வருஷம் ஆகஸ்டிலேயே, மீசையைக் கோணலாக வெட்டிவிட்டதாக சலூன்காரரிடம் தகராறு. அந்த மனிதர் மறுவாரமே சிரித்துக்கொண்டு வந்திருக்கிறார். வாஷர் முகம் கொடுக்கவில்லை. "அத நாலாவது வாரத்துக்கு வச்சிருக்கேன். இப்ப பேசினா கெட்டுப்போயிடும்" என்று என்னிடம் விளக்கினார். அப்படிப் பேசாமல் இருந்ததற்காக நாலு மாதம் முடிகூட வெட்டிக்கொள்ளாமல், காதை மூடிய தலையோடு திரிந்தார்.

நாலாவது வாரம் மட்டும் எதற்காக இப்படி முன்கூட்டியே பூட்டி வைக்கப்படுகிறது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த வாரம் காலியாக இருந்தால் அங்கே வந்து உட்காரப் போகிறவர் அவருடைய அண்ணன்.

அண்ணனும் பிளம்பர். மூன்று தெரு தள்ளி, பஸ் நிறுத்தத்தைத் தாண்டினால் வீடு. எட்டு வயது மூத்தவர். தம்பிக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். இருபது வருஷம் இரண்டு பேரும் ஒரே பையில் சாமான் போட்டு வேலை செய்தவர்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கோவில் மண்டபத்துச் சமையலறையில் புதிதாகக் குழாய் இழுத்தார்கள். தம்பி ஒரு இணைப்பைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து பார்த்தால் அந்த இணைப்பு இல்லை. அதே இடத்தில் அண்ணன் கை போட்ட வேறொன்று இருந்தது. கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

"எடுத்துட்டு வேற போட்டுட்டான் மேடம். இருபது வருஷம் சர்வீஸ் எனக்கு" என்பார். ஒரு பிளம்பர் போட்டதை அவன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு பிளம்பர் கழற்றுவது என்பது, அவர்கள் தொழிலில், நடுத்தெருவில் வைத்து அறைந்ததற்குச் சமம். மண்டபத்தில் பாடல் பயிற்சிக்கு வந்திருந்த முப்பது பேர் முன்னால் தம்பி கத்தித் தீர்த்தார். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்பேனரைத் துடைத்து, தன் சாமான்களை மட்டும் தனியாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார். அதோடு சரி. கோவிலில் அண்ணன் வலதுபக்கம், தம்பி இடதுபக்கம். மனைவிமார் மட்டும் நடுவழியில் நின்று பேசிக்கொள்வார்கள்.

ஒருமுறை, என் தொட்டிக்கு அடியில் அவர் படுத்திருந்தபோது கேட்டுவிட்டேன். "அந்த ஜாயின்ட் ஒழுகிச்சா என்ன?"

ஸ்பேனர் சத்தம் நின்றது. குரல் வந்தது. "ஒழுகல. ஈரமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

ஒன்பது வருஷமாக நாலாவது மெழுகுவத்தி எப்படியோ எரிந்துவிட்டது. ஒரு வருஷம் தபால்காரர். ஒரு வருஷம் கோவில் பாடகர் குழுவில் உச்சக்குரல் பாடும் அம்மா. ஒரு வருஷம் ஆளே கிடைக்காமல், தன்னுடைய மிதிவண்டியை ஒட்டி நிறுத்தியதற்காக முன்பின் தெரியாத ஒருவரைத் திட்டிவிட்டு, அவர் வீடு எது என்று விசாரித்துப் போய் மன்னிப்புக் கேட்டார். அந்த மனிதர் பயந்துபோய்க் கதவைத் திறக்கவில்லை. கதவுக்கு வெளியே இருந்த தோட்டக் குழாயைச் சரிசெய்துவிட்டு வந்தார்.

இந்த வருஷம் நாலாவது ஞாயிற்றுக்கு முந்தைய வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு, அவர் மனைவி என் கதவைத் தட்டினார். மருத்துவமனைச் சீருடையைக்கூட மாற்றவில்லை.

"அக்கா, ஒரு உதவி. சனிக்கிழம வரைக்கும் எங்க வீட்டுக்காரர் உங்கள என்ன சொன்னாலும் கோவிச்சுக்காதீங்க."

"ஏன், என்ன சொல்லப் போறாரு?"

"எதாவது சொல்லுவாரு. சிரிச்சுட்டுப் போயிடுங்க. வீடு வீடா சொல்லிட்டு வர்றேன்."

விஷயம் இதுதான். அண்ணனுக்குக் கண் மங்கிவிட்டது. மருத்துவமனையில் இந்த அம்மாவின் மேசைக்குத்தான் வந்து டோக்கன் வாங்கியிருக்கிறார். சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது. இருக்கிற பார்வை இருக்கும், அவ்வளவுதான். இனி வேலை செய்ய முடியாது. கடல் தாண்டி இருக்கிற மகள் கூப்பிட்டுக்கொண்டாள். இருபத்தெட்டாம் தேதி அண்ணனும் அண்ணியும் ஒரேயடியாகக் கிளம்புகிறார்கள்.

"ஒன்பது வருஷமா டோக்கன் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு அந்த மனுஷன். இவரு ஒவ்வொரு வருஷமும் நடுவுல வேற ஆளக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. இந்த வாட்டி நான் விடறதா இல்ல."  சொல்லிவிட்டு எதிர்வீட்டு மணியை அழுத்தினார்.

வெள்ளிக்கிழமை காலையே வேலை தொடங்கிவிட்டது. சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டு, கையில் ஒரு பிஸ்கட் பெட்டியோடு வாஷர் வீட்டுக்கே வந்து, மீசை விஷயத்தில் தப்பு தன்னுடையதுதான் என்று சொல்லி, அங்கேயே நாற்காலியில் உட்காரவைத்து முடியும் வெட்டிவிட்டுப் போனார். வாஷர் வராந்தாவில் வந்து நின்றார். நாலு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவருடைய காது தெரிந்தது. முகத்தில் அப்படியொரு துக்கத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"முந்திக்கிட்டான் மேடம்" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆள் தேடிக் கிளம்பினார். காவலாளியிடம், நீ தூங்கித்தான் சம்பளம் வாங்குகிறாய் என்றார். காவலாளி, "ஆமா சார், கொஞ்சம் அசதிதான்" என்றார். டியூஷன் வாத்தியாரிடம், உங்களிடம் படித்த பையன் எனக்குத் தப்பாக மீதி கொடுத்தான் என்றார். "அவன் அப்பவே சுமார்தான்" என்றார் வாத்தியார். கோவிலுக்குப் போய், போன வாரப் பிரசங்கம் இழுவை என்று சாமியாரிடமே சொல்லியிருக்கிறார். "எனக்கே தூக்கம் வந்துச்சுப்பா, இந்த வாரம் குறைச்சுக்கறேன்" என்று பதில் வந்திருக்கிறது. அங்கேயும் மனைவி போயிருந்தார்.

பதினோரு மணிக்கு என் வீட்டு மணி அடித்தது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற குறிப்புத்தாள்களை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. அது அவருக்குத் தெரியும்.

"நீங்க எழுதற தாள ஒருத்தரும் படிக்கறதில்ல மேடம். பிரிச்ச உடனே குப்பைக்குத்தான் போகுது."

எனக்குச் சுருக்கென்றது. திருப்பிக் கொடுக்க நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தன. "நானே படிக்கறதில்ல" என்றேன்.

 வாஷர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எல்லாரும் நல்லவங்களாயிட்டீங்க" என்றார். ஏதோ தொத்துவியாதி வந்துவிட்டது என்று சொல்கிற தொனி.

மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடி மணி. இம்முறை மனைவியும் கூட இருந்தார். வாஷர் கையில் சாமான் பை, தலையில் தொப்பி. மனைவி தன் கைப்பையைத் திறந்து ஊதா மெழுகுவத்தி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். வளையத்தில் நாலாவது வாயில் இருக்கவேண்டியது. ஒரு வாரமாக அதை அவர் மருத்துவமனைக்குப் போகும்போதும் வரும்போதும் கூடவே சுமந்திருக்கிறார்.

"எனக்கு ட்யூட்டி இருக்கு. அவங்க அண்ணன் வீட்டுக்கு நீங்க கூடப் போங்கக்கா. வேலை முடிஞ்சா இத அவர்கிட்ட குடுங்க. முடியலைன்னா என்கிட்டயே குடுத்துடுங்க."

"நடுவுல நான் திரும்பினா புடிச்சுக்கங்க மேடம்" என்றார் வாஷர்.

மூன்று தெருவைக் கடக்க நாற்பது நிமிஷம் ஆனது. இரும்புச் சாமான் கடையில் நின்று வாஷர்கள் பொறுக்கினார். கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை எல்லா அளவிலும் இரண்டிரண்டு. பஸ் நிறுத்தத்தில், நாங்கள் ஏறப்போவதில்லை என்றாலும், ஒரு பஸ் வந்து போகும்வரை நின்றோம். அது போனதும் சொன்னார்.

"உங்ககிட்ட ஒருவாட்டி சொல்லிப் பாக்கறேன் மேடம். அன்னைக்கு நான் டேப்ப எதிர்ப்பக்கமா சுத்திட்டேன்."

எனக்குப் புரியவில்லை. பைக்குள்ளிருந்து வெள்ளை டேப் சுருளை எடுத்து, ஒரு குழாய் முனையின் திருகு மரையில் சுற்றிக் காட்டினார். மரை முறுக்குகிற பக்கமே டேப்பும் சுற்றவேண்டும். அப்போதுதான் முறுக்க முறுக்க இறுகும். எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கும்போதே பிரிந்து வழிந்துவிடும். தொழிலுக்கு வந்த முதல் நாள் சொல்லிக்கொடுப்பது. அன்று சுவருக்கு மறுபக்கம் படுத்துக்கொண்டு வேலை செய்ததில் வலம் இடம் மாறிவிட்டது.

"அவர் கழட்டிப் போட்டது குப்பை வாளியில கிடந்துச்சு. கத்தி முடிச்சு பத்து நிமிஷம் கழிச்சுப் பாத்தேன். டேப்பு பூரா பிரிஞ்சு தொங்குது. முதல் நாள் வந்தவன்கூட அப்படிச் சுத்தமாட்டான்." டேப்பைத் திரும்பச் சுருட்டினார். "முப்பது பேர் முன்னால அவர் ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம் பொழப்பு நாறியிருக்கும். சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல. அதுதான் மேடம் தாங்கமுடியல."

டேப் சுருளைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.  அடுத்த பஸ் வருவதற்குள் கிளம்பிவிட்டோம்.

அண்ணன் வீட்டு மணியை ஒரே தடவை அழுத்தி, தொப்பியைக் கக்கத்தில் வைத்து, வழக்கம்போல இரண்டடி பின்வாங்கினார். அங்கே படி இருந்தது. தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்ட நேரத்தில் அண்ணி கதவைத் திறந்தார்.

"போன மாசம் உங்கள ஒரு வார்த்த" என்று பழக்கத்தில் ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். போன மாதம் இல்லையே அது. வேறு வாக்கியம் அவரிடம் தயாராக இல்லை.

உள்ளே கூடத்தில் கட்டில் இல்லை, மேசை இல்லை. கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டிகள் மட்டும். அதில் ஒன்றின்மேல் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தம்பியைவிட ஒல்லி. வாசல் வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, "யாரு?" என்றார்.

அண்ணி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், சாமான் பையைப் பார்த்தார். "குழாய் பாக்க ஆள் வந்திருக்கு" என்றார்.

"எந்தக் குழாய? நான் யாரையும் கூப்பிடலயே."

"பின்பக்கக் குழாய் ஒழுகுது அண்ணே" என்றார் வாஷர். "இங்க நின்னாலே கேக்குது."

 கொல்லைப்புறத்தில் வாளிக்குள் சொட்டு விழும் சத்தம் எனக்கும் இப்போது கேட்டது. ஏழெட்டுச் சொட்டு விழுந்த பிறகு அண்ணன் சொன்னார், "வாஷராத்தான் இருக்கும்."

அந்த வாக்கியம் யாருடையது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கொல்லையில் துவைகல்லுக்கு மேலே இருந்தது குழாய். வாஷர் வலது காலில் மண்டியிட்டார். திருகிப் பார்த்தார், விரலால் தடவினார். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றார்.

"வாஷர் இல்ல அண்ணே. ஜாயின்ட்."

"அது நான் போட்டது."

"தெரியும்."

வாஷர் ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு, குழாயைத் தொடாமல் அண்ணாந்து பார்த்தார். "கழட்டட்டுமா?"

அண்ணன் முகம் தம்பி பக்கம் திரும்பியது. எவ்வளவு தெரிந்ததோ. "கழட்டு" என்றார்.

மெயின் வால்வை மூடி, குழாயைக் கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டி எடுத்துத் துடைத்தார். புது டேப்பைச் சுற்ற ஆரம்பித்தார். இரண்டு சுற்றுக்குப் பிறகு, கையை நிறுத்தாமலே, "அன்னைக்கு நான் எதிர்ப்பக்கம் சுத்தியிருந்தேன் அண்ணே" என்றார்.

"தெரியும். கழட்டினது நான்தான."

"யார்கிட்டயும் சொல்லலையே நீங்க."

"சொல்லிக்கிட்டுத் திரியற விஷயமா அது."

"தப்பு என்னோடது."

"எத்தன சுத்து சுத்தற? போதும்" என்றார் அண்ணன்.

குழாய் இடத்தில் ஏறியது. வால்வு திறந்தது. வாஷர் பையிலிருந்து காய்ந்த காகிதம் ஒன்றை எடுத்து இணைப்புக்கு அடியில் விரித்து, எதிரே உட்கார்ந்தார். அண்ணன் துவைகல்லில் உட்கார்ந்தார். கால்மணி நேரம் போனது. என் கைக்குள் மெழுகுவத்தி கொஞ்சம் இளகிவிட்டது. காகிதம் காய்ந்தபடியே இருந்தது. ஆனால் அண்ணனால் அதைப் பார்க்க முடியாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவர் கையை நீட்டித் துழாவி, இணைப்பைக் கண்டுபிடித்து, கட்டைவிரலை அதன் அடியில் ஒருமுறை ஓட்டி, ஈரம் இருக்கிறதா என்று ஆள்காட்டி விரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

வாஷர் தரையிலிருந்த ஸ்பேனரை எடுத்தார். எண்ணெய்ப் பிசுக்கைக் கால்சட்டையில் துடைத்தார். பிடி அண்ணன் பக்கம் வரும்படி திருப்பி, அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "அரைத் திருப்பு நீங்க திருப்புங்க அண்ணே" என்று குழாய்க்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார்.